சரியா சொருகலைன்னு எங்க மேல பழி போடாதீங்க சார்!

“நீங்க சரியா சொருகலை சார்.”

எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கின எல்லாரும் வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. சார்ஜ் ஏறலையா? சரியா சொருகலை. டிஸ்ப்ளே மினுக்குதா? எப்பவோ கழட்டி மாட்டியிருப்பீங்க. பிளக் உருகிப்போச்சா? கடைசி வரைக்கும் அழுத்தலை. கம்பெனி பக்கம் தப்பே இருக்காது. எல்லா தப்பும் நம்ம விரல்ல தான் இருக்கும்.

இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரா.

நான் பொட்டி தட்டுற கோஷ்டி தான். ஆனா படிச்சது ஈசிஈ, ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறது ஹார்ட்வேர் டீமுக்கு பக்கத்து சீட்டு. ஃபர்ம்வேர் எழுதுறேன். நான் எழுதின கோடுல தப்பு இருக்கான்னு ரெண்டு நாள் தேடி, கடைசியில கனெக்டர்ல ஒரு பின் தொடலைன்னு கண்டுபிடிச்ச அனுபவம் எக்கச்சக்கம். அதனால கனெக்டர் மேல எனக்கு தனிப்பட்ட பகை உண்டுன்னு வச்சுக்கோங்க :)

நான் சொல்ல வர்றது ஒண்ணு தான். கனெக்டர்ங்கிறது ரெண்டு உலோகம் தொட்டுக்கிற இடம் மட்டும் இல்லை. மனுஷன் அரைகுறையா சொருகினா என்ன ஆகும், தேஞ்சா எந்தப் பக்கம் தேயும், பிஞ்சா எதை மாத்தணும்: இந்த மூணு கேள்விக்கும் டிசைனர் பதில் எழுதி வைக்கிற இடம் அது. மூணாவது கேள்விக்கு “மொத்த பொட்டியையும் மாத்துங்க”ன்னு பதில் எழுதினா, அது பொறியியல் இல்லை. வியாபாரம்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

பயப்படாதீங்க, சமன்பாடு எல்லாம் கிடையாது.

ரெண்டு பளபளப்பான உலோகம் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில பார்த்தா ரெண்டும் மலைத்தொடர் மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கும். நிஜமா தொடுறது சில சிகரங்கள் மட்டும் தான். மொத்த மின்சாரமும் அந்த சில புள்ளிகள் வழியா தான் போகணும். அந்தப் புள்ளிகளை எவ்வளவு பலமா ஒண்ணோட ஒண்ணு அழுத்தி வைக்கிறோம்ங்கிறதுல தான் கனெக்டரோட உயிர் இருக்கு. உள்ளே இருக்கிற குட்டி ஸ்பிரிங்குக்கு வேலையே அது தான். ஸ்பிரிங் தளர்ந்தா தொடுற புள்ளி குறையும், தடை ஏறும், சூடு ஏறும், சூட்டுல ஸ்பிரிங் இன்னும் தளரும். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுற கதை.

அடுத்தது மேல் பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது, ஆனா விலை. வெள்ளீயம் மலிவு, ஆனா மேல ஒரு ஆக்சைடு படலம் வந்துடும். அழுத்திச் சொருகும்போது அந்தப் படலம் உடைஞ்சு உள்ளே இருக்கிற உலோகம் தொடும். பிரச்சனை அதுக்கு அப்புறம். பகல்ல சூடு, ராத்திரி குளிர்னு விரிஞ்சு சுருங்கும்போது பின்னு மைக்ரோமீட்டர் கணக்குல முன்னும் பின்னும் உரசும். உரச உரச புதுசு புதுசா ஆக்சைடு தூள் சேரும். ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளீயம்னு கலந்து மாட்டினா நிலைமை இன்னும் மோசம்.

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா சர்வீஸ் அண்ணன் வந்து ராமைக் கழட்டி, பையனோட ரப்பரை வாங்கி, நாலு தேய் தேய்ச்சு, திரும்ப மாட்டி 300 ரூபாய் வாங்கிட்டுப் போவாரே, ஞாபகம் இருக்கா? அவர் தேய்ச்சு எடுத்தது அந்த மாதிரி அழுக்கைத் தான். அவரை ‘மந்திரவாதி’ன்னு கிண்டல் பண்ணினோம். அவர் செஞ்சது சரியான வைத்தியம்!

ஆம்ப்னு ஒரு பெரிய கனெக்டர் கம்பெனி, இப்போ டிஇ கனெக்டிவிட்டின்னு பேரு. வெள்ளீயப் பூச்சை எங்க பயன்படுத்தலாம், எங்க கூடாதுன்னு அவங்க ‘தி டின் கமாண்ட்மென்ட்ஸ்’னு ஒரு வழிகாட்டியே போட்டிருக்காங்க. பத்துக் கட்டளையை வச்சு சிலேடை. அதுல ஒரு கட்டளை, வெள்ளீயத்தைத் தங்கத்தோட ஜோடி சேர்க்காதே. இன்னொண்ணு, வெள்ளீயத்துக்கு குறைஞ்சது 100 கிராம் அழுத்தமாவது கொடு. ஆக விஷயம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. எழுதி, அச்சடிச்சு, இலவசமா கொடுத்திருக்காங்க. அதுக்கு அப்புறமும் காசை மிச்சம் பிடிக்க தப்பு பண்றவங்களைத் தான் கேள்வி கேக்கணும்.

நம்ம வீட்டு சுவத்துல இருக்கிற பாடம்

நல்ல கனெக்டர் எப்படி இருக்கணும்னு பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். வீட்டு மூணு பின் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. எர்த் பின் மத்த ரெண்டை விட நீளம், தடிமன். ஏன்? சொருகும்போது முதல்ல எர்த் தொடணும், கழட்டும்போது கடைசியா எர்த் விடணும். ஷட்டர் வச்ச சாக்கெட்ல எர்த் பின் உள்ளே போனா தான் மத்த ரெண்டு ஓட்டையும் திறக்கும். தலைகீழா சொருக முடியாது. பாதி சொருகின நிலைமையிலயும் பாதுகாப்பு முதல்ல வந்து நிக்குது.

எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிரைண்டர் பிளக்கை ஒருநாளும் தப்பா சொருகினது இல்லை. அவங்க கெட்டிக்காரிங்கிறது ஒரு பக்கம், அந்த பிளக்கை வடிவமைச்சவனுக்கும் அதுல பங்கு இருக்கு.

கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் இன்னொரு உதாரணம். வளையத்தைத் தூக்கி, உட்கார வச்சு, அழுத்தினா ‘டக்’னு சத்தம் வரும். அந்த ‘டக்’ வந்தா தான் நமக்கு நிம்மதி. சத்தமும் டிசைன் தான் மக்களே! “உட்கார்ந்துட்டேன்”னு கனெக்டரே வாயைத் திறந்து சொல்லுது.

ஜப்பான்ல ஷிகியோ ஷிங்கோன்னு ஒரு பொறியாளர் 1960களில் இதுக்கு ‘போகா-யோகே’ன்னு பேர் வச்சாரு. தொழிலாளி தப்பு பண்ணிட்டான்னு திட்டாதே, தப்பு பண்ண முடியாத மாதிரி வேலையை அமைங்கிறது தான் சாரம். மூணு பின் பிளக்குல இருக்கிற அதே அறிவு.

600 வாட், 6 பின், ஒரு சப்பரம்

இப்போ கெட்ட உதாரணத்துக்கு வருவோம்.

கேமிங் பிசி வச்சிருக்கிற மக்களுக்கு இந்தக் கதை தெரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொடுக்க ரொம்ப வருஷமா 8 பின் கனெக்டர் இருந்தது. அதுக்கு விதிச்ச அளவு 150 வாட். 12 வோல்ட்ல அது 12.5 ஆம்பியர். மூணு பின் வழியா போறதால பின்னுக்கு சுமார் 4.2 ஆம்பியர். அந்தப் பின்னு தாங்கக்கூடியது அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெரிசு, அசிங்கம், ஆனா தாங்கும்.

அப்புறம் 12விஹெச்பிடபிள்யூஆர்னு வாயில நுழையாத பேர்ல புது கனெக்டர் வந்தது. பின்னுக்கும் பின்னுக்கும் இருந்த இடைவெளி 4.2 மில்லிமீட்டர்ல இருந்து 3 மில்லிமீட்டரா சுருங்கிச்சு. விதிச்ச அளவு மட்டும் 600 வாட்டா ஏறிச்சு. 12 வோல்ட்ல 50 ஆம்பியர். ஆறு பின்னுக்குப் பிரிச்சா ஆளுக்கு 8.3 ஆம்பியர். ஒரு பின்னோட அதிகபட்ச அளவே 9 ஆம்பியருக்கு சற்று மேல தான். அதாவது கையிருப்பு சுமார் 10 சதவீதம். முன்னாடி இருந்த ரெண்டு மடங்கு கையிருப்பு எங்கய்யா போச்சு?

சப்பரம் தூக்குறதை நினைச்சுக்கோங்க. ஆறு பேர் தூக்குறாங்க. எல்லாரும் அவங்கவங்க சக்தியோட விளிம்புல. இதுல ரெண்டு பேர் தோளை லேசா இறக்கினா என்ன ஆகும்? மீதி நாலு பேர் தலையில பாரம் ஏறும். இங்கயும் அதே தான். ரெண்டு பின் சரியா தொடலைன்னா மத்த நாலும் ஆளுக்கு 12.5 ஆம்பியர் சுமக்கணும். சூடு மின்னோட்டத்தோட வர்க்கத்துல ஏறும். ஆக அந்த நாலு பின்லயும் சூடு ரெண்டே கால் மடங்கு. பிளாஸ்டிக் உருகாம என்ன செய்யும்?

உருகிச்சு. 2022 அக்டோபர்ல ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வெளியான கொஞ்ச நாள்லயே கருகின பிளக் படங்கள் வர ஆரம்பிச்சது. நவம்பர்ல என்விடியா கொடுத்த விளக்கம்: உலகம் முழுக்க சுமார் 50 கேஸ் எங்க கவனத்துக்கு வந்திருக்கு, பொதுவான காரணம் கனெக்டரை முழுசா சொருகாதது.

வந்துட்டாருய்யா நம்ம ஹீரோ! “சரியா சொருகலை சார்.”

நியாயமா பேசணும்னா, அப்போ வெளி ஆட்கள் செஞ்ச சோதனைகள்லயும் அரைகுறையா சொருகினது முக்கியமான காரணம்னு தான் வந்தது. அது பொய் இல்லை. என் கேள்வி வேற. அரைகுறையா சொருகின நிலையில கார்டு ஏன் ஆன் ஆச்சு?

அந்த கனெக்டர்ல மின்சாரம் போற 12 பின்னுக்கு மேல, தகவல் சொல்ல 4 குட்டி சென்ஸ் பின்னும் உண்டு. அது கொஞ்சம் நீளமா இருந்ததால, பவர் பின் முழுசா உட்காரும் முன்னாடியே சென்ஸ் பின் தொட்டு “எல்லாம் ஓகே”ன்னு கார்டுகிட்ட சொல்லிடும். காவலாளியே திருடனுக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி.

2023ல் திருத்தின வடிவம் வந்தது. பேரு 12வி-2x6. அதுல என்ன மாத்தினாங்க? சென்ஸ் பின்னை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கினாங்க, பவர் பின்னை 0.25 மில்லிமீட்டர் நீட்டினாங்க. முழுசா சொருகலைன்னா கார்டு ஆன் ஆகக்கூடாது, அவ்வளவு தான் நோக்கம். எந்தப் பின் முதல்ல தொடணும்ங்கிற கணக்கு. எங்க பாட்டியோட கிரைண்டர் பிளக்குல இருக்கிற கணக்கு!

தப்பு முழுக்க வாங்கினவன் மேலன்னா கனெக்டரை ஏன் திருத்தினீங்க? அந்த 1.5 மில்லிமீட்டரை, யாரும் கையெழுத்துப் போடாத ஒப்புதல் வாக்குமூலம்னு தான் நான் எடுத்துக்கறேன்.

கதை அதோட முடியலை. 2024 பிப்ரவரியில் இதே கனெக்டருக்கு கேபிள்மாட் நிறுவனம் வித்த வளைஞ்ச அடாப்டர்களில் சுமார் 25,300ஐ அமெரிக்காவில் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. காரணம், தளர்ந்து சூடாகி உருகும் அபாயம். 2025 ஜனவரியில் 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 வந்தது. அடுத்த மாசமே ஒரு ஜெர்மன் ஓவர்கிளாக்கர் தன் கார்டை அளந்து காட்டினார். ஆறு கம்பியில் ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல ஓடுது! முந்தைய 3090 டிஐ கார்டுல ஆறு பின்னையும் மூணு ஜோடியா பிரிச்சு, ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியா அளந்தாங்க. அப்புறம் வந்த கார்டுகளில் எல்லாத்தையும் ஒண்ணா கட்டிட்டாங்க. எந்த பின் எவ்வளவு சுமக்குதுன்னு பெரும்பாலான கார்டுகளுக்கே தெரியாது. அது தெரிய வழியே இல்லாத இடத்துல நான் என்னத்த ‘சரியா’ சொருகுறது?

தேயறது யார் பக்கம்?

ரெண்டாவது கேள்விக்கு வருவோம். எந்த கனெக்டரும் தேயத் தான் செய்யும். எந்தப் பக்கம் தேயணும்னு முடிவு பண்றது டிசைனர் கையில இருக்கு.

யூஎஸ்பி-ஏவுக்கு விதிச்ச ஆயுள் 1,500 தடவை. மினி யூஎஸ்பிக்கு 5,000. 2007ல் வந்த மைக்ரோ யூஎஸ்பிக்கு 10,000. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், மைக்ரோ யூஎஸ்பியில ஸ்பிரிங்கையும் கொக்கியையும் தூக்கி கேபிள் பக்கம் வச்சது. தேயற பாகம் 100 ரூபாய் கேபிள்ல. தேயாத பாகம் 10,000 ரூபாய் போன்ல. கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம். இதை யோசிச்ச புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

“என் போன்ல மைக்ரோ யூஎஸ்பி ஒரே வருஷத்துல ஆடிப்போச்சே”ன்னு கேப்பீங்க. நியாயம். பல போன்ல பிரச்சனை ஸ்பிரிங்குல இல்லை, அது போர்டுல உட்கார்ந்திருக்கிற விதத்துல. போர்டை ஊடுருவிப் போய் பிடிச்சுக்கிற கால் இருக்கிற சாக்கெட்டும் உண்டு. மேலாப்ல பத்து வச்சு ஒட்டிக்கிட்டு நிக்கிற சாக்கெட்டும் உண்டு. ரெண்டாவது வகையில கேபிளை நாலு தடவை பக்கவாட்டுல இழுத்தா, சாக்கெட்டு போர்டுல இருக்கிற செம்பையும் உரிச்சுக்கிட்டு வந்துடும். மிச்சம் பிடிச்சது சில பைசா. போனது போர்டு.

இதுக்கு நேர்மாறு ஆப்பிளோட லைட்னிங். அதுல ஸ்பிரிங் கான்டாக்ட் போன் பக்கம். பிளக் மட்டும் பார்க்க அழகு, எப்படித் திருப்பினாலும் போகும். 2023 செப்டம்பர்ல ஐபோன் 15 வந்தப்போ தான் அதுக்கு மங்களம் பாடினாங்க. 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு சி டைப் கட்டாயம்னு ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருந்ததால தான் அதுவும். சும்மா மனசு வந்து இல்லை.

எப்படித் திருப்பினாலும் போகணும்ங்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. யூஎஸ்பியை உருவாக்கின இன்டெல் குழுவை வழிநடத்தினவர் அஜய் பட், நம்ம நாட்டுல பிறந்து பரோடாவுல படிச்சவர். 2019ல் அவரே ஒரு ரேடியோ பேட்டியில ஒத்துக்கிட்டாரு, பெரிய தொல்லையே அதைத் திருப்பிச் சொருக முடியாதது தான்னு. ஆனா அன்னைக்கு அப்படி செஞ்சிருந்தா கம்பியும் சர்க்யூட்டும் கூடி, செலவும் ஏறியிருக்கும்னு காரணமும் சொன்னாரு. இந்த நேர்மைக்கு என் சல்யூட். “நீங்க சரியா சொருகலை”ன்னு அவர் சொல்லலை பாருங்க!

ஸ்ட்ரிப்புங்கிற பாவப்பட்ட ஜீவன்

மூணாவது கேள்வி. இது தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏத்துறது.

போன், லேப்டாப், கேமரா எதைப் பிரிச்சாலும் உள்ளே பழுப்பு ஆரஞ்சு நிறத்துல மெல்லிசா ஒரு பட்டை ஓடும். நம்ம சர்வீஸ் கடைகள்ல இதுக்கு பேரு ஸ்ட்ரிப். பாலிஇமைடுங்கிற பிளாஸ்டிக் ஏட்டு மேல செம்புக் கோடு. வளையும், மடங்கும், எடை இல்லை. இது போய் சேர்ற இடத்துல ஒரு குட்டி கனெக்டர் இருக்கும், ‘சிஃப்’ வகை. அழுத்தாம சொருகலாம், அப்புறம் ஒரு லாட்சைச் சாய்ச்சா அது இறுக்கிப் பிடிச்சுக்கும். பின்னுக்குப் பின் இடைவெளி அரை மில்லிமீட்டர், சிலதுல 0.3.

இந்த லாட்சுல தான் கூத்து. சிலது முன்பக்கம் திறக்கும். சிலது பின்பக்கம் திறக்கும். சிலது இழுத்தா வெளியே வரும். ஸ்ட்ரிப்போட செம்பு சிலதுல மேல பார்க்கணும், சிலதுல கீழ பார்க்கணும். வெளியில இருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி, கறுப்பும் வெள்ளையுமா ரெண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக். எது எதுன்னு ஒரு அம்புக்குறி கூட போட மாட்டாங்க. தப்பான பக்கம் நெம்பினா போச்சு. பல கனெக்டர்களுக்கு எழுதின ஆயுளே 10, 20 தடவை தான்.

ராஸ்பெர்ரி பை வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லா தெரியும். பழைய மாடல்ல கேமரா ஸ்ட்ரிப்போட நீலப் பட்டை ஈத்தர்நெட் போர்ட் பக்கம் பார்க்கணும். மாத்தி சொருகினாலும் அது பாட்டுக்கு உள்ளே போகும். தடுக்க ஒரு குட்டி வெட்டு கூட கிடையாது. “கேமரா கிடைக்கலை”ன்னு ஸ்கிரீன்ல வந்த அப்புறம் மென்பொருள் ஆசாமிங்க நாம உட்கார்ந்து டிரைவரை நோண்டுவோம். பிள்ளைங்க கத்துக்கணும்னு செஞ்ச போர்டுக்கே இந்த கதி.

சொந்தக் கதை ஒண்ணு. என் லேப்டாப்ல கீபோர்டு ஸ்ட்ரிப்பைப் பிடிக்கிற லாட்ச் உடைஞ்சது. உடைச்சது நான் இல்லை, அந்த கம்பெனியோட சொந்த சர்வீஸ் சென்டர்ல பேட்டரி மாத்தும்போது. கீபோர்டு வேலை செய்யலைன்னு போய் நின்னா, “மதர்போர்டு மாத்தணும் சார், 18 ஆயிரம் ஆகும்”. அந்த லாட்ச் மட்டும்? “அது தனியா வராது சார்.” சரி, உடைஞ்சது எப்படி? “நீங்க எங்கயாவது திறந்திருப்பீங்க சார்.” அடப்பாவிகளா! கடைசியில ரிச்சி தெருவுல ஒரு அண்ணன், செத்துப்போன போர்டு ஒண்ணுல இருந்து அதே கனெக்டரை ஹாட் ஏர் வச்சு எடுத்து, என் போர்டுல உட்கார வச்சு, 700 ரூபாய் வாங்கிக்கிட்டாரு. ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாரு. அவருக்கு சர்க்யூட் டயக்ராம் யாரும் தரலை. கண்ணும் கையும் தான்.

நான் 18 ஆயிரத்துக்காக மட்டும் புலம்பலை. அந்த அண்ணனுக்கு முடிஞ்ச வேலை, போர்டைச் செஞ்ச கம்பெனிக்கு ஏன் முடியாது? முடியும். முடியாதுன்னு சொன்னா லாபம். அவ்வளவு தான்.

2 மில்லிமீட்டர்

இதையே உலக அளவுல பார்க்கணும்னா 2016 மேக்புக் ப்ரோ. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் டிஸ்ப்ளே ஸ்ட்ரிப் ஒரு போர்டு மேல இறுக்கமா மடங்கி உரசிச்சு. கொஞ்ச நாள்ல திரைக்கு அடியில நாடக மேடை விளக்கு மாதிரி திட்டுத் திட்டா வெளிச்சம், அப்புறம் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல திறந்தா இருட்டு. இதை ‘ஃப்ளெக்ஸ்கேட்’னு சொன்னாங்க. அந்த ஸ்ட்ரிப் தனியா கழட்டி மாட்டுற மாதிரி இல்லை, டிஸ்ப்ளேவோட சேர்த்தே செஞ்சது. 2019 ஜனவரியில் ஐஃபிக்ஸிட் போட்ட கணக்கு: 6 டாலர் கேபிளுக்காக 600 டாலர் டிஸ்ப்ளேவை மாத்தணும்.

2018 மாடலைப் பிரிச்சுப் பார்த்தாங்க. அதுல ஸ்ட்ரிப் 2 மில்லிமீட்டர் நீளம். அதைப் பத்தி ஊருக்குச் சொல்லாமலே நீட்டியிருந்தாங்க. 2019 மே மாசம் ஆப்பிள் இலவச சர்வீஸ் திட்டம் அறிவிச்சது, அதுவும் 13 அங்குல 2016 மாடலுக்கு மட்டும். 15 அங்குலம் வாங்கினவன் பாவம்.

“ஸ்ட்ரிப்புன்னா மடங்கி மடங்கி பிய்யத் தானே செய்யும்”னு யாராவது முட்டுக் கொடுத்தா, பழைய இன்க்ஜெட் பிரிண்டரைத் திறந்து காட்டுங்க. ஒரு பக்கம் அச்சடிக்க அந்தத் தலை எத்தனை தடவை இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுது! கூடவே ஸ்ட்ரிப்பும் ஓடுது, வருஷக்கணக்கா. ஏன்னா அதுக்குப் பெரிய வளைவு கொடுத்து சுதந்திரமா விட்டிருக்காங்க. ஒரு தடவை மடக்கி வச்சுட்டுப் போற ஸ்ட்ரிப்புக்கு ஒரு கணக்கு, தினமும் அசையற ஸ்ட்ரிப்புக்கு வேற கணக்குங்கிறது இந்தத் துறையில அரிச்சுவடி. சில ஆயிரம் ரூபாய் பிரிண்டருக்குக் கிடைச்ச மரியாதை, லட்ச ரூபாய் லேப்டாப்புக்குக் கிடைக்கலை. ஒல்லியா காட்டணும்ங்கிற வெறி.

எதிர் கட்சி வாதம்

பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

“கனெக்டர் கூடினா பழுது கூடும். நேரடியா சால்டர் பண்ணினது தான் உறுதி.” உண்மை தான். அதிர்வு இருக்கிற இடத்துல, எப்பவுமே திறக்கப் போறது இல்லைன்னா தாராளமா பத்து வைங்க. தேயாத பாகத்தோட தேயாத பாகத்தைச் சேர்க்கிறதுல எனக்கு சண்டை இல்லை. பேட்டரி, சார்ஜிங் சாக்கெட், கீபோர்டு, கீல் வழியா போற ஸ்ட்ரிப் எல்லாம் கட்டாயம் தேயும். இதுங்களை மாத்த முடியாத பாகத்தோட கோந்து போட்டு ஒட்டினா அது உறுதி இல்லை, கொத்தடிமைத்தனம்.

“இடம் இல்லை, ஒல்லியா செய்யணும்.” போனுக்குள்ளயே நகக்கண் அளவு போர்டு-டு-போர்டு கனெக்டர் இருக்கு, மேல ஒரு தகடு, ரெண்டு திருகு. விழுந்தாலும் கழலாது, வேணும்னா ரெண்டு நிமிஷத்துல கழட்டலாம். செய்யத் தெரிஞ்சவன் செஞ்சுட்டு தான் இருக்கான்.

“பயன்படுத்துறவங்க தப்பே பண்ண மாட்டாங்களா?” பண்ணுவாங்க. நாம எழுதுற மென்பொருள்ல தேதி கேட்ட இடத்துல ஒருத்தர் பேரை அடிச்சா மொத்த சர்வரும் படுத்துடுச்சுன்னு வைங்க. “யூசர் தப்பா அடிச்சுட்டாரு”ன்னு மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க. அடுத்த அப்ரைசல்ல தெரியும். பொட்டி தட்டுறவனுக்கு ஒரு நீதி, பிளக் செய்யறவனுக்கு ஒரு நீதியா?

அப்ப என்ன தான் கேக்குற?

ரொம்ப இல்லை, அஞ்சு தான்.

1. அரைகுறையா சொருகினா வேலை செய்யவே கூடாது. முழுசா சொருகினா சத்தமோ, நிறமோ, ஏதாவது ஒண்ணு சொல்லணும்.

2. தப்பான பக்கம் உள்ளே போகவே கூடாது. அது முடியலைன்னா போர்டுல ஒரு அம்புக்குறி. மை செலவு பூஜ்யம்.

3. தேயற பாகம் மலிவான பக்கம் இருக்கணும்.

4. எந்த கனெக்டர் எத்தனை தடவை தாங்கும்னு சர்வீஸ் கையேட்டுல போடணும். அந்தக் கையேடு எல்லாருக்கும் கிடைக்கணும்.

5. விளிம்புல ஓட்டாதீங்க. ரெண்டு மடங்கு கையிருப்புங்கிறது வீண்செலவு இல்லை, மனுஷன் மனுஷனா இருக்கிறதுக்கான இடம்.

பிரான்ஸ்ல 2021 ஜனவரியில், போனும் லேப்டாப்பும் விக்கும்போது பழுது பார்க்க எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போடணும்னு விதி கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்லயும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு போட்டது, அந்த வருஷ டிசம்பர்லயே தளமும் திறந்தாங்க. பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான குழு 2025 மே மாசம் அறிக்கை கொடுத்தது. எத்தனை திருகு, என்ன கருவி, உதிரிபாகம் கிடைக்குமான்னு எல்லாம் பார்க்கிறாங்க. சந்தோஷம். அதோட சேர்த்து “இந்த ஸ்ட்ரிப் தனியா கழலுமா?”ன்னு ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்துக்கோங்க சாமிகளா. திருகு கழன்று என்ன புண்ணியம், உள்ளே எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்தா?

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட “நீங்க சரியா சொருகலை சார்”னு சொன்னா, கோபப்படாதீங்க. அமைதியா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “தப்பா சொருக முடியாத மாதிரி ஏன் செய்யலை?”

பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க.

டிஸ்கி: போர்டு டிசைன்ல இருக்கிற மக்கள் யாராவது படிச்சா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க, வரவேற்கிறேன். “நீ சரியா எழுதலை”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவ்வ்வ்வ்...